ஹென்றி கிளாசிய எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

திண்ணைவாசி:
எம்.ஏ. நாட்டார் வழக்காற்றியல் முதல் வருஷம். புழங்குபொருள் பண்பாடு (ஜனங்க செஞ்சு புழங்குற பொருள வச்சு அவங்கள படிக்கறது) பேப்பர்ல ஹென்றி கிளாசின்னு ஒரு அமெரிக்கர் பேரு வந்துட்டே இருக்கு. பாட்டு, கதை சேகரிக்கறதுன்னா புரியுது, இவரு வீடு, கொட்டகை, பானைன்னே சுத்துறாரு. ஒரு வீட்ட அளந்து படம் போட்டா அது எப்படிங்க நாட்டார் வழக்காறு ஆகும்?

கூரைப்பித்தன்:
வர்ஜீனியா புக்குல ஆரம்பிங்க, Folk Housing in Middle Virginia, அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துப் பழைய வீடுங்க பத்தி, 1975ல வந்தது. அந்த ஊரு சாதாரண ஜனங்க டைரியோ கடுதாசியோ பெருசா எழுதி வைக்கல, அவங்க விட்டுட்டுப் போனது வீடுதான், அதனால வீட்டையே ஆவணமா படிக்கிறாரு. பழைய வீட்ல கதவத் தொறந்தா நேரா ஆளுங்க குளிர்காயற கூடத்துக்குள்ள நிப்பீங்க. 18ஆம் நூற்றாண்டு பாதிக்கு மேல நடுவுல ஒரு நடை வருது, முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகுது, வந்தவன் நடையிலயே நிக்கணும், உள்ள யாரு என்ன பண்றாங்கன்னு தெரியாது. அக்கம்பக்கத்து நம்பிக்கை ஆட்டம் கண்ட காலம் அதுன்னு செங்கல்லயும் பலகையிலயும் காட்டுவாரு. இவ்ளோதான் உங்க கேள்விக்கு பதில்.

சேறுமிதி:
@கூரைப்பித்தன் முதல் வருஷப் புள்ளைக்கு அதையா குடுப்பீங்க, பாதி புக்கு வீட்டுக்கு இலக்கணம், அதாவது எந்த அறை எதோட எப்படிச் சேரும்னு விதி எழுதுற கணக்குப் பாடம், ஆளே கிடையாது. பாலிமெனோன்ங்கற ஊரப் பத்தி அவரு எழுதின Passing the Time in Ballymenone படிங்க தம்பி. 1972, வட அயர்லாந்துல குண்டு வெடிச்சுட்டு இருந்த நேரம், எல்லைக்குப் பக்கத்துல ஃபெர்மனா மாவட்டத்துல ஒரு விவசாய ஊருக்குப் போயி, ராத்திரி அடுப்படில பக்கத்து வீட்டுக்காரங்க கூடி டீ குடிச்சுட்டு பேசுற கதைய உக்காந்து கேட்டாரு, திரும்பத் திரும்பப் போயி 1982லதான் புக்கு வந்துச்சு, 800 பக்கத்துக்கு மேல. ஹ்யூ நோலன்னு ஒரு கிழவர், அந்த ஊரு சரித்திரமே அவரு வாயில இருக்கும். அடுப்பு எங்க இருக்கு, யாரு எங்க உக்கார்றாங்க, எந்தக் கதை எப்ப வரும், மூணையும் பிரிக்கவே முடியாது. என்ன, சில இடத்துல கொஞ்சம் ஓவரா உருகுவாரு.

கலயம்:
வங்கதேசத்த விட்டுட்டீங்களே. துருக்கில மண்பாண்டம், கம்பளம்லாம் பாத்துட்டு டாக்கா பக்கம் வந்தாரு, அந்தப் புக்கு Art and Life in Bangladesh, 1997. அதுல ஹரிபத பால்னு மூர்த்தி செய்யற ஒருத்தர். பூஜை முடிஞ்சதும் ஆத்துல கரைக்கப் போற மண் உருவத்துக்கு அவ்ளோ உழைப்பு ஏன்னு அவரே விளக்கற பக்கத்த மட்டுமாவது படிங்க. பேரில்லாத குயவர்னு தள்ளாம, ஒரு ஓவியருக்குக் குடுக்கற மரியாதைய அவருக்குக் குடுத்திருப்பாரு, எனக்கு கிளாசிகிட்ட பிடிச்சதே இதுதான். படிக்க சோம்பலா இருந்தா 2019ல அயர்லாந்து இயக்குநர் பாட் காலின்ஸ் கிளாசியப் பத்தி எடுத்த ஆவணப்படம் இருக்கு, பேச்சு கம்மி, கை வேலை செய்யறதயே காட்டிட்டு இருக்கும்.

திண்ணைவாசி:
நன்றிங்க எல்லாருக்கும். எங்க லைப்ரரில வர்ஜீனியா மட்டும்தான் இருக்கு 😅 இலக்கணச் சாப்டர தாண்டிடலாமா?

சேறுமிதி:
தாராளமா. கூரைப்பித்தன்கிட்ட சொல்லாதீங்க.