நன்றி நவிலல் நாள் வான்கோழி: நெஞ்சுக்கறி வறண்டுபோகாமல் சுடுவது எப்படி? மீந்ததை என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். நாங்கள் ஓஹாயோவில் வசிக்கிறோம். வரும் வியாழக்கிழமை நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். 12 பவுண்டு எடையுள்ள வான்கோழி ஒன்று ஃப்ரீசரில் உறைந்து கிடக்கிறது. சென்ற ஆண்டு நான் சுட்டபோது தோல் பொன்னிறமாக வந்தும், நெஞ்சுக்கறி ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்க வேண்டிய அளவுக்கு வறண்டுவிட்டது. தொடை எலும்பை ஒட்டிய கறியோ இளஞ்சிவப்பாகவே இருந்தது. மீந்த கறியையும் ஒரு வாரம் வைத்திருந்து, கடைசியில் மனமில்லாமல் கொட்டினோம். இம்முறை எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
உறைந்த கறியின் பனி முழுவதும் விடுவதற்கு முன்பே அதை ஓவனில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜில் பனி இறங்க 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும் என்பதால், 12 பவுண்டுக்கு மூன்று நாள் தேவை. ஞாயிற்றுக்கிழமையே ஒரு தட்டின் மேல் வைத்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோனால், உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கமும் ஈரல், கழுத்து முதலியவற்றை ஒரு பொட்டலமாக வைத்திருப்பார்கள். அதை எடுக்க மறவாதீர்கள்.

325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், உள்ளே எதையும் அடைக்காமல் சுட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் கடிகாரத்தையும் நிறத்தையும் நம்பாதீர்கள். வெந்த கறிகூட எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கலாம். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைச் செருகி, நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் 165 டிகிரி காட்டினால்தான் வெந்தது என்று கொள்ள வேண்டும். நெஞ்சு முந்திக்கொள்ளும் என்பதால், அது நன்கு சிவந்ததும் அதன்மேல் மட்டும் அலுமினியத் தாளைப் போர்த்திவிடுங்கள். வெளியே எடுத்த பிறகு அரை மணி நேரம் அப்படியே விட்டால், சாறு பலகையில் வழியாமல் கறியிலேயே தங்கும்.

பதில் 2:
மேலே சொன்னவற்றோடு உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவே உப்பும் மிளகும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் நன்றாக மொறுமொறுக்கும். ஆனால் உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று உறையில் அச்சிட்டிருந்தால் உப்பு வேண்டாம்; எண்ணெயும் மிளகும் போதும். கறியைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம், கிருமி தொட்டி முழுவதும் தெறிக்கும்.

பதில் 3:
மீந்த கறியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் விருந்தைவிட அடுத்த நாள் சமையலுக்குத்தான் எதிர்பார்ப்பு அதிகம். ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கு நாட்களுக்குள் தீராது என்று தோன்றும் பங்கை அன்றிரவே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே வெந்த கறியை மறுபடி மசாலாவில் கொதிக்கவிட்டால் சக்கையாகிவிடும் என்பதால், வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், முட்டை எல்லாம் வதங்கிய பின் கடைசியாக அதைச் சேர்த்து, கொத்துப் பரோட்டாவாகப் புரட்டி, ஆவி பறக்கச் சூடேறியதும் இறக்குகிறோம்.

எலும்புகளை எறிய வேண்டாம். பெரிய பாத்திரத்தில் நீர் மூழ்க ஊற்றி, சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு சேர்த்து மூன்று மணி நேரம் சிறு தீயில் வைத்து வடிகட்டினால், ஆறியதும் கட்டிப்படும் சாறு கிடைக்கும். அதில் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்து, வெள்ளிக்கிழமை காலையில் சூடான சோற்றோடு பரிமாறுகிறேன்.