யார்க் கோபுரமும் எரிந்த கடன் பத்திரங்களும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

கவின்: பெரியம்மா, இன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் கிளிஃபோர்ட் கோபுரத்தைப் பார்த்தோம். மேட்டின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1190 மார்ச் 16 இரவு சுமார் 150 யூதர்கள் இந்த இடத்தில் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஹிட்லருக்கு ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி நடந்திருக்கிறதா?

கவின்: (படம்)

மல்லிகா பெரியம்மா: நடந்திருக்கிறது கவின். நீ பார்த்த கல் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1190இல் அங்கே இருந்தது மரக்கோட்டை. பள்ளியில் நான் பாடம் நடத்திய காலத்தில் இந்த நிகழ்ச்சி எங்கள் புத்தகத்தில் இல்லை. நானாகத்தான் சொல்வேன்.

மல்லிகா பெரியம்மா: 1189 செப்டம்பரில் முதலாம் ரிச்சர்டுக்கு லண்டனில் முடிசூட்டு விழா. பரிசுப் பொருள்களோடு வந்த யூதப் பெரியவர்களை வாசலிலேயே அடித்தார்கள். அன்றே நகரத்தில் யூதர்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். யார்க்கிலிருந்து வந்திருந்த பெனடிக்ட் என்பவருக்குக் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஊர் திரும்பும் வழியில் காயங்களாலேயே இறந்துபோனார். அரசன் சிலுவைப் போருக்காகக் கடல் கடந்ததும் கலவரம் ஊர் ஊராகப் பரவியது. மார்ச்சில் யார்க்கில் பெனடிக்டின் வீட்டைக் கொள்ளையடித்து அவருடைய குடும்பத்தைக் கொன்றார்கள். மற்றவர்கள் அரசனின் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அரசனின் அதிகாரியான ஷெரீஃபே படையைக் கூட்டி முற்றுகையிட்டார். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும், மதம் மாறுவதைவிடச் சாவதே மேல் என்று யோம் டோவ் என்ற ரப்பி (யூத மதகுரு) சொன்னார். தகப்பன்மார் மனைவி மக்களைத் தங்கள் கையாலேயே கொன்றார்கள். மறுநாள் காலை உயிரோடு இருந்த சிலர், மதம் மாறுகிறோம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சி வெளியே வந்தார்கள். அவர்களையும் வெட்டினார்கள்.

வசந்தி அத்தை: ஐயோ அண்ணி. சரணடைந்தவர்களையுமா?

மல்லிகா பெரியம்மா: ஆமாம் வசந்தி. அதற்குப் பிறகு கும்பல் நேராகப் பேராலயத்துக்குப் போனது. அங்கேதான் யூதர்களிடம் வாங்கிய கடன்களின் பத்திரங்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் குவித்து அங்கேயே எரித்தார்கள்.

ராமு சித்தப்பா: அண்ணி, முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன். வெறிபிடித்த கும்பல் தங்கத்தைத்தான் தேடும். பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதைக் கொளுத்தியிருக்கிறார்கள் என்றால், கடன்பட்ட பெரிய மனிதர்கள் அந்தக் கும்பலுக்குள் இருந்திருக்க வேண்டும்.

மல்லிகா பெரியம்மா: இருந்தார்கள் தம்பி. கலவரத்தைத் தூண்டியவர்களில் முதல் பெயர் ரிச்சர்ட் மாலபிஸ். நிலவுடைமைக்காரர், யூதர்களிடம் கடன்பட்டவர். கவின் பார்த்த கல்வெட்டிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

ராமு சித்தப்பா: அப்படியானால் வெறுப்புக்கு வேர் வட்டிதானே? எவ்வளவு வாங்கினார்கள்?

மல்லிகா பெரியம்மா: பவுண்டுக்கு வாரம் இரண்டு பென்ஸ் வரை. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ்.

ராமு சித்தப்பா: ஆண்டுக்கு 104 பென்ஸ். நூற்றுக்கு 43க்கு மேல் வருகிறது. கந்துவட்டி!

மல்லிகா பெரியம்மா: கடுமையான வட்டிதான். ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். யூதர் நிலம் வைத்துப் பயிரிடுவது கடினம். கைத்தொழில் சங்கங்கள் கிறிஸ்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டன. கிறிஸ்தவன் வட்டி வாங்கினால் பாவம். 1179இல் கூடிய திருச்சபைச் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்றது. கடன் எல்லோருக்கும் தேவைப்பட்டது. மடங்கள் கட்டவே லிங்கன் நகரத்து யூதர் ஆரோனிடம் கடன் வாங்கினார்கள். பிற வாசல்களை எல்லாம் அடைத்துவிட்டு, திறந்து வைத்த ஒரே வாசல் வழியாக வந்தவனைப் பார்த்து ‘ஏன் இந்த வழியாக வந்தாய்?’ என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தொழிலும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. யூதர்களில் பெரும்பாலோர் வசதியில்லாதவர்கள்.

மல்லிகா பெரியம்மா: அந்த வட்டிப் பணம் எங்கே போனது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்து யூதர்கள் அரசனின் உடைமை போல நடத்தப்பட்டார்கள். அவன் நினைத்தபோதெல்லாம் அவர்கள்மேல் தனி வரி போடுவான். 1210இல் ஜான் அரசன் கேட்டது 66,000 மார்க் (அக்காலப் பணக் கணக்கு). 1186இல் ஆரோன் இறந்தபோது சொத்து முழுவதையும் அரசன் எடுத்துக்கொண்டான். அவருக்கு வரவேண்டிய கடன் மட்டும் சுமார் 15,000 பவுண்டு. அதை வசூலிக்கவே தனி அலுவலகம் வைத்தார்கள். மக்கள் ஏசியது யூதனை, வசூலித்தது அரசன்.

ராமு சித்தப்பா: பத்திரங்கள் எரிந்ததும் அரசன் சும்மா இருந்தானா?

மல்லிகா பெரியம்மா: வருமானம் போயிற்றே என்று கோபப்பட்டான். நகரத்தாருக்கு அபராதம் விழுந்தது. கொலைகாரர்களில் பெரியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். 1194 முதல் ஒவ்வொரு கடனுக்கும் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆட்கள் மறுபடி சாகாமலிருக்க அல்ல, பத்திரங்கள் மறுபடி எரியாமலிருக்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நிலா: பெரியம்மா, வெறுப்பு எங்கே தொடங்கியது? அரசனிடமா, மதத்திலா?

மல்லிகா பெரியம்மா: மதப் பிரசங்கத்தில் அதற்குப் பழைய வேர் இருக்கிறது கண்ணா. இயேசுவின் சாவுக்கு எல்லாக் காலத்து யூதர்களும் பொறுப்பு என்ற பழி. 386, 387ஆம் ஆண்டுகளிலேயே அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற பாதிரியார் யூதர்களைக் கொடிய சொற்களால் சாடியிருக்கிறார். ஆயர் அகஸ்டின், யூதர்களைக் கொல்லக்கூடாது, ஆனால் தாழ்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு அதுவே நடைமுறை ஆயிற்று. 1096இல் முதல் சிலுவைப் போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. 1215இல் நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம், யூதர்கள் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 1275இல் ஏழு வயதுக் குழந்தைகூட மஞ்சள் துணி அடையாளம் அணிய வேண்டும் என்று சட்டம் வந்தது. இயேசுவின் சாவுக்கான அந்தப் பழியைக் கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரபூர்வமாக மறுத்தது 1965இல்தான்.

வசந்தி அத்தை: மஞ்சள் துணியா? நாஜிகளின் மஞ்சள் நட்சத்திரம் அங்கிருந்துதான் வந்ததா?

மல்லிகா பெரியம்மா: அந்தக் காலத்து இப்படிப்பட்ட அடையாளங்கள்தான் முன்மாதிரி வசந்தி.

கவின்: எங்கள் வழிகாட்டி இன்னொன்றும் சொன்னார். யூதர்கள் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்ற வதந்தி இங்கிலாந்தில்தான் பிறந்தது என்றார்.

மல்லிகா பெரியம்மா: ஆமாம். 1144இல் நாரிச் நகருக்கு வெளியே காட்டில் வில்லியம் என்ற சிறுவனின் உடல் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு வந்த மன்மத் தாமஸ் என்ற துறவி, யூதர்கள்தான் அவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள் என்று புத்தகமே எழுதினார். புனிதச் சிறுவன் என்று வழிபாடு வளர்ந்தது. 1235இல் ஜெர்மனியின் ஃபுல்டாவில், கொன்று இரத்தத்தை எடுக்கிறார்கள் என்பதும் கதையில் சேர்ந்தது. இறைச்சியைக்கூட உப்பிட்டு இரத்தம் வடித்த பிறகே சமைக்கும் மக்கள்மேல் இந்தப் பழி! இரண்டாம் ஃபிரெட்ரிக் பேரரசர் விசாரித்துப் பொய் என்றார். 1247இல் போப் நான்காம் இன்னசென்ட் பொய் என்றார். இருந்தும் 1255இல் லிங்கனில் ஹியூ என்ற சிறுவன் இறந்தபோது மூன்றாம் ஹென்றி அரசன் 19 யூதர்களைத் தூக்கிலிட்டான். அவர்களுடைய சொத்து அரசனுக்குப் போயிற்று.

மல்லிகா பெரியம்மா: வட்டிதானே வேர் என்று கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். முதலாம் எட்வர்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி வங்கியாளர்கள். கிறிஸ்தவர்கள். கடன் கொடுத்தவன் என்று அவர்களையும் ஏசியிருப்பார்கள். பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்று அவர்களை யாரும் சொல்லவில்லை. வட்டி மட்டுமே வேர் என்றால் இந்த வித்தியாசம் ஏன்?

ராமு சித்தப்பா: கடன்பட்டவனுக்கு ஒரு சாக்கு வேண்டும்; அந்தச் சாக்கு பிரசங்க மேடையில் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது.

மல்லிகா பெரியம்மா: இன்றைய பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்தது அதுதான். 1348இல் கொள்ளை நோய் பரவியபோது, கிணறுகளில் யூதர்கள் விஷம் கலந்தார்கள் என்று வதந்தி. சித்திரவதை செய்து ‘ஒப்புதல் வாக்குமூலம்’ வாங்கினார்கள். யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளெமென்ட் ஆணையே வெளியிட்டார். ஸ்ட்ராஸ்பர்க் நகர மன்றத் தலைவர்களும் யூதர்களைக் காக்கப் பார்த்தார்கள். அவர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அந்த ஊருக்குள் நோய் அப்போது வந்திருக்கவே இல்லை. கடன்கள் ரத்தாயின, ரொக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். யூதர்களைக் கொன்ற விஷம் அவர்களுடைய பணம்தான் என்று அந்த ஊர் வரலாற்றாசிரியரே பிறகு எழுதிவைத்தார்.

நிலா: இங்கிலாந்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

மல்லிகா பெரியம்மா: 1275இல் வட்டியைத் தடை செய்தார்கள். வேறு தொழில் செய்யச் சொன்னார்கள். ஆனால் சங்கங்களின் கதவு திறக்கவில்லை. 1290 ஜூலை 18 அன்று முதலாம் எட்வர்ட் எல்லோரையும் நாடு கடத்தினான். அதே ஆண்டில் நாடாளுமன்றம் அவனுக்கு 1,16,000 பவுண்டு வரி அனுமதித்தது. யூதர்கள் மறுபடி அங்கே வெளிப்படையாக வாழ முடிந்தது 1656இல், கிராம்வெல் காலத்தில். ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தில் ஷைலாக் என்ற வட்டிக்கார யூதனை மேடையேற்றியபோது, பார்த்துக்கொண்டிருந்த லண்டன்காரர்களில் பெரும்பாலோர் ஒரு யூதரையும் அறிந்திருக்க மாட்டார்கள்.

ராமு சித்தப்பா: வட்டி வாங்க யூதரே இல்லாத நாட்டில் முந்நூறு ஆண்டு கழித்தும் அந்த வெறுப்பு உயிரோடு இருந்திருக்கிறது.

மல்லிகா பெரியம்மா: பிறகு அது உடை மாற்றிக்கொண்டது தம்பி. அதுவரை ஞானஸ்நானம் பெற்றால் தப்பலாம் என்ற ஒரு வழியாவது இருந்தது. ஸ்பெயினில் 1449லேயே டொலிடோ நகரம், மதம் மாறியவர்களின் வழிவந்தோருக்கும் பதவி கிடையாது என்று இரத்தத்தைப் பார்க்கத் தொடங்கியது. 1879இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் இதை இனப் பகையாகவே கட்டி, அதற்கு ஒரு சங்கமும் தொடங்கினார். அதன்பின் மதம் மாறினாலும் தப்ப முடியாது. நாஜிகள் கையில் எடுத்தது இதைத்தான்.

கவின்: வரும் சனிக்கிழமை லிங்கன் போகிறோம் பெரியம்மா. அங்கே என்ன பார்க்க வேண்டும்?

மல்லிகா பெரியம்மா: பேராலயத்தில் பாடகர் பகுதியின் தெற்குப் பக்கத்தில் ஹியூவின் சமாதி மிச்சம் இருக்கிறது. அருகில் ஓர் அறிவிப்பு இருக்கும். அந்தக் கொலைக் கதைகள் பொய், அவை பல அப்பாவி யூதர்களின் உயிரைக் குடித்தன என்று திருச்சபையே எழுதி மன்னிப்பு வேண்டுகிறது. படம் மட்டும் அனுப்பாதே. வசந்திக்குச் சிறிய எழுத்து தெரியாது. முழுவதையும் தமிழில் எழுதி இங்கே போடு.

கவின்: எழுதிப் போடுகிறேன் பெரியம்மா.