34 பல்லோடு கிளென்ட்ரெஸ் ஏற முடியவில்லை: செயின்ரிங் மாற்றுவதா, கேசட் மாற்றுவதா?

கோவை29
வணக்கம். எடின்பரோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய 29 இன்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்) ஒன்று வாங்கினேன். முன்னால், பெடல் பக்கம், ஒரே செயின்ரிங் (செயின் ஓடும் பல் வட்டு), 34 பல். பின்னால் 11 வேகக் கேசட், அதாவது பதினொரு பல் சக்கரங்களின் அடுக்கு, சிறியது 11 பல், பெரியது 42. சனிக்கிழமை பீபிள்ஸ் பக்கத்தில் இருக்கும் கிளென்ட்ரெஸ் காட்டுக்குப் போய் நடுத்தரக் கஷ்டமான நீலப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். இறக்கம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஏற்றத்தில் கடைசிக் கியருக்குப் போன பிறகும் கால் கனத்துக்கொண்டே வந்தது, கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) மாட்டிய சென்சார் நிமிடத்துக்கு 45 சுற்று காட்டியது, வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்குக் கீழே போகக் கியரே இல்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வீட்டுக்கு வந்தால் இரண்டு முட்டியிலும் முன்பக்கம் வலி.

எனக்குப் புரியாதது இதுதான். கோவையில் என்னிடம் 26 இன்ச் சைக்கிள் இருந்தது, முன்னால் 42, 32, 22 என்று மூன்று செயின் வீல், பின்னால் 11 முதல் 34. அதில் மருதமலை ரோட்டை உட்கார்ந்தபடியே ஏறுவேன். இப்போது பின்னால் 42 பல் இருக்கிறதே, பின்னால் பெரிதாக இருந்தால் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? இங்கே ஒரு கடையில் கேட்டேன், இப்போதெல்லாம் பின்னால் 12 வேகம், 10 முதல் 51 பல்தான், மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை சைக்கிள் வாங்கிய விலையில் பாதி. மூன்று வாரத்தில் அலுவலக நண்பர்களோடு அதே காட்டில் நீலத்தைவிடக் கஷ்டமான சிவப்புப் பாதை, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். என் எடை 78 கிலோ, சைக்கிள் 14. எதை மாற்றினால் போதும்?

மேட்டுக்கால்
நானும் 34தான் வைத்திருக்கிறேன், சிவப்புப் பாதை முழுவதும் ஏறிவிடுவேன். வாரம் இரண்டு முறை பக்கத்தில் இருக்கும் மேட்டில் ஏறிப் பழகுங்கள், கால் தானாக வந்துவிடும். பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பல்கணக்கு
பழகுவது நல்லதுதான், ஆனால் மூன்று வாரத்தில் முட்டி வலியோடு பழகச் சொல்வது சரியில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பல்லை மட்டும் எண்ணினால் குழப்பம்தான் வரும். ஒரு முறை மிதித்தால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, வருவதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். 26 இன்ச் சக்கரம் டயரோடு சுமார் 2.07 மீட்டர், 29 இன்ச் சுமார் 2.29 மீட்டர். உங்கள் கோவை சைக்கிளில் 22க்கு 34, ஒரு மிதிக்கு 1.34 மீட்டர். இப்போது 34க்கு 42, ஒரு மிதிக்கு 1.85 மீட்டர். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கனமான கியரை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறீர்கள். பின்னால் 42 என்பது பெரிய எண்தான், ஆனால் முன்னால் 22 போய் 34 வந்துவிட்டது, சக்கரமும் பெரிதாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து உங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டன. நீங்கள் சொன்ன 45 சுற்றும் 5 கிலோமீட்டரும் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. பழைய சைக்கிளாக இருந்தால் அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கால் 62 சுற்று சுற்றியிருக்கும். காலில் பலம் குறையவில்லை, மூன்று வட்டு இருந்த காலத்து சின்ன கியர் காணாமல் போயிருக்கிறது.

அடுத்தது கடையில் சொன்ன 51. உங்கள் 34ஐ வைத்துக்கொண்டு பின்னால் 51 போட்டால் விகிதம் 0.667. பின்னால் 42ஐ அப்படியே விட்டு முன்னால் 28 போட்டால் அதுவும் 0.667. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை, காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஷிமானோ 12 வேகம் 10-51 போட மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற வகை ஃப்ரீஹப் (பின் சக்கரத்தில் கேசட் உட்காரும் பகுதி) வேண்டும், பின் டிரெய்லியர் (செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்துவது), ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசை), செயின் எல்லாம் மாற வேண்டும், அதனால்தான் அந்தத் தொகை. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஏற்றக் கியர் மட்டும் என்றால் ஒரு செயின்ரிங் போதும்.

28 உங்கள் கிராங்கில் உட்காருமா என்பதுதான் கேள்வி. செயின்ரிங்கை எத்தனை போல்ட் பிடித்திருக்கிறது, பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்லுங்கள். செயின்ரிங்கில் 104 என்று (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) எங்காவது பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாழ்_கிளாஸ்கோ
தம்பி, கணக்கு சரி, நான் வேறு ஒன்று கேட்கிறேன். ஏற்றத்தில் சீட் எந்த உயரத்தில் இருந்தது? முட்டியின் முன்பக்கம் வலி என்றவுடன் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. கனமான கியரும் தாழ்ந்த சீட்டும் சேர்ந்தால் முட்டி மடிந்த நிலையிலேயே முழு பாரத்தையும் தள்ள வேண்டி வரும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள், கால் அப்போதுதான் நேராக வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் உழக்கும்போது முட்டியில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும், அதுதான் சரியான உயரம்.

34 போட்டு ஏறுகிறவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 2023 உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் மலை சைக்கிள் கிராஸ் கன்ட்ரி பந்தயம் இதே கிளென்ட்ரெஸ் காட்டில்தான் நடந்தது. அந்த வீரர்கள் 34, 36, சிலர் 38 பல்கூடப் போடுகிறார்கள், பின்னால் 51 அல்லது 52 வைத்துக்கொண்டு. அவர்கள் உடம்பு அறுபது எழுபது கிலோ, சைக்கிள் பத்து கிலோ, வேலையே அதுதான். நாங்கள் சனிக்கிழமை ஓடுகிற ஆட்கள், எங்களுக்கு 30, 32 என்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

கோவை29
அண்ணா, நீங்கள் சொன்னது சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இறக்கத்துக்காகச் சீட்டை இறக்கினேன், டிராப்பர் (பொத்தானை அழுத்தினால் சீட் ஏறி இறங்கும் தண்டு) கிடையாது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்றி இறக்கச் சலிப்பாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னபடி குதிகால் வைத்துப் பார்த்தேன், ஐந்து சென்டிமீட்டர் தாழ்வாக இருந்திருக்கிறது.

பல்கணக்கு அவர்களுக்கு: நான்கு போல்ட். பக்கத்து போல்ட்டுக்கு 73, 74 மில்லிமீட்டர். செயின்ரிங்கில் 104 என்றும் இருக்கிறது. போல்ட் பிடிக்கும் நான்கு கைகளும் கிராங்கோடு ஒரே வார்ப்பு, கழற்ற முடியாது. பின் டிரெய்லியரின் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன், செயினை இழுத்துப் பிடிக்கும் கூடு நீளமானது, அதிகபட்சம் 46 பல் என்று தயாரிப்பாளர் பக்கத்தில் இருக்கிறது.

பல்கணக்கு
நன்றாக அளந்திருக்கிறீர்கள். 104 என்றால் 28 உட்காராது, போல்ட் துளைகள் பல் இருக்க வேண்டிய இடத்திலேயே வந்துவிடும். 30 வரை இறங்கலாம். அந்த 30 பல் வட்டில் தனி நட்டு இருக்காது, போல்ட் வட்டின் மரையிலேயே நேராக ஏறும். வட்டு அலுமினியம், அதனால் டார்க் ஸ்பேனர் வைத்து, பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், மரை போனால் வட்டே போச்சு. ஒரு பல் ஒல்லி, ஒரு பல் தடிமன் என்று மாறி மாறி வரும் வகையாகவே வாங்குங்கள், ஒற்றை வட்டில் செயின் கழலாமல் பிடிப்பது அதுதான்.

30ம் 42ம் என்றால் ஒரு மிதிக்கு 1.64 மீட்டர். இப்போது இருப்பதைவிட நல்ல லேசான கியர்தான், ஆனால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைக்கிறேன். டிரெய்லியர் 46 தாங்கும் என்பதால் 11-46 கேசட்டும் சேர்த்துப் போடுங்கள், 1.49 மீட்டருக்கு வந்துவிடும். கடை சொன்ன 51ஐ உங்கள் 34ஓடு போட்டிருந்தால் 1.53 வந்திருக்கும், அதைவிடச் சுலபம் இது. ஃப்ரீஹப் மாற்ற வேண்டாம், ஷிஃப்டர் மாற்ற வேண்டாம்.

ஷிமானோவின் 11 வேக 11-42ம் 11-46ம் முதல் பத்துப் பல் சக்கரங்களில் ஒன்றேதான், 37 வரை அப்படியே போகும், கடைசி மட்டும் 42க்குப் பதில் 46. அதனால் 37இலிருந்து 46க்குப் போகும்போது கால் சட்டென்று லேசாகும். சிலருக்கு அந்தத் தாவல் பிடிக்காது, எனக்கு அது ஒரு கைவசக் கியர் மாதிரி, நெட்டுக்குத்தான ஏற்றம் வரும்போது மட்டும் தொடுவேன்.

செயின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்னால் நான்கு பல் குறைகிறது, பின்னால் நான்கு பல் கூடுகிறது, இரண்டும் சரியாகிவிடும். ஆனால் பழைய செயின் தேய்ந்திருந்தால் புதுக் கேசட்டில் வழுக்கும், தேய்மானக் கருவி 0.5 காட்டினால் செயினையும் மாற்றிவிடுங்கள், புதியதைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள்.

மேட்டுக்கால்
30 போட்டால் சமதளத்தில் கால் காற்றில் சுற்றாதா?

பல்கணக்கு
30ம் 11ம், நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர். 34ஆக இருந்தால் 38. கிளென்ட்ரெஸ் இறக்கத்தில் அந்த வேகத்தில் மிதிக்க இடமே இல்லை, பெடலில் நின்று வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்துப் போகிறோம். தார்ச்சாலையில் அலுவலகம் போக வர ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் அந்த நான்கு கிலோமீட்டர் உறைக்கும்.

யாழ்_கிளாஸ்கோ
கியர் மாறினாலும் ஓட்டுகிற விதம் ஒன்று இருக்கிறது தம்பி. அங்கே ஏற்றம் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு கொண்டை வளைவிலும் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் படுக்கை. வெளிப்பக்கமாகப் போங்கள். வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே லேசான கியருக்கு வந்துவிடுங்கள், வளைவுக்குள் போய் முழு பாரத்தோடு மாற்றினால் செயின் கடகடவென்று கதறும், சில நேரம் அறுந்தும் போகும். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் காலைத் தளர்த்துங்கள். எழுந்து நின்று உழக்காதீர்கள், பின் டயரில் பாரம் போய்விட்டால் சரளையில் சறுக்கும், சீட்டின் முனைக்கு நகர்ந்து மார்பைத் தாழ்த்தினால் முன் சக்கரம் தூக்காது.

கோவை29
வாங்கிவிட்டேன். 30 பல் வட்டு, 11-46 கேசட், செயினும் தேய்ந்திருந்ததால் அதுவும். மூன்றும் சேர்த்து கடை சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நானே மாட்டினேன். ஒரே ஒரு பிரச்சினை, 46க்குப் போனால் கரகரவென்று அரைக்கிற சத்தம், மற்றப் பத்துக் கியரும் அமைதி. கேபிளை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துவிட்டேன்.

பல்கணக்கு
கேபிளைத் தொடாதீர்கள், அது காரணமில்லை. டிரெய்லியரின் மேல் உருளை 46 பல்லோடு உரசுகிறது. ஃபிரேமோடு டிரெய்லியர் சேரும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பி ஸ்க்ரூ என்பார்கள். செயினை 46இல் வைத்து, கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே அந்த ஸ்க்ரூவை வலப்பக்கமாக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். உருளை பல்லை விட்டு விலகுவது கண்ணுக்குத் தெரியும், சத்தம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதிகம் விலகினால் சின்ன பல்களில் கியர் மாறுவது சோம்பலாகிவிடும்.

கோவை29
இரண்டரைச் சுற்றில் சத்தம் நின்றது.

நேற்று சிவப்புப் பாதை போய் வந்தோம். ஏற்றத்தில் பெரும்பாலும் 37இல்தான் இருந்தேன், 46ஐ நாலைந்து முறை தொட்டிருப்பேன், மிதி நிமிடத்துக்கு 55 சுற்றுக்குக் கீழே போகவில்லை. வேகம் முன்பு போலவே 5, 6 கிலோமீட்டர்தான், ஆனால் மூச்சு வாங்கியதே தவிர கால் பிடிக்கவில்லை, பேசிக்கொண்டே ஏற முடிந்தது. ஒரே ஒரு இடத்தில் வேர் குறுக்கே கிடந்த வளைவில் இறங்கினேன், அண்ணா சொன்ன வெளிப்பக்கத்தை மறந்து உள்பக்கம் போய்விட்டேன். மேலே ஸ்பூக்கி வுட் என்ற இறக்கப் பகுதி ஆரம்பிக்கும் இடத்தில் சீட்டை இறக்கினேன், கீழே வந்ததும் மறக்காமல் ஏற்றினேன். இன்று காலை மாடிப்படி இறங்கினேன், முட்டியில் வலி இல்லை.

யாழ்_கிளாஸ்கோ
சந்தோஷம் தம்பி. முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு செயின்ரிங் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள், புதிதாக மாட்டியவை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்.