த க த கி ட: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 9:12

குட்டி: ஒரு சந்தேகம். ஜாஸ் பியானோ வாசிக்கிற விஜய் ஐயரோட டிரியோல (மூணு பேர் குழு) திடீர்னு வேகம் ஏறின மாதிரி இருக்கும், ஆனா அடில ஓடுற பீட் அப்படியே இருக்கும். 100 டெம்போல (நிமிஷத்துக்கு 100 பீட்) கண்ட நடை (பீட்டுக்கு அஞ்சு எழுத்து) வச்சு, அதை நாலு நாலா கட்டினா அந்த மாதிரி வருமா? நாங்க வாசிக்கறப்போ டிரம்ஸும் பியானோவும் மூணாவது பார்ல (நாலு பீட் ஒரு பார்) முட்டிக்குது. எங்க தப்பு?

பெரிய மாமா: விஜய் ஐயர் நம்ம தமிழ்ப் பையன்மா. ரத்தத்துலயே மிருதங்கம் ஓடுது 😊

பாஸ் அண்ணன்: மாமா, அவர் 1971ல அமெரிக்கால ஆல்பனில பிறந்தவர். 3 வயசுலேர்ந்து 15 வருஷம் வெஸ்டர்ன் வயலின். பியானோ காதால கேட்டே பழகினது. காலேஜ்ல படிச்சது கணக்கும் பிசிக்ஸும். இதுல மிருதங்கம் ரத்தத்துல எங்க வந்துச்சு?

அத்தை: 2015ல வந்த அவரோட 'பிரேக் ஸ்டஃப்' ஆல்பத்துல 'மிஸ்டரி வுமன்' கேளு. அதுல நம்மூர் வாசிப்போட தாக்கம் இருக்கு, அதை மறைக்கவும் இல்ல. மாமா சொல்றதுல கால்வாசி சரி.

பாஸ் அண்ணன்: அதே ஆல்பத்துல 'ஹுட்'னு ஒண்ணு இருக்கே அத்தை. அது டெட்ராய்ட் டெக்னோ ஆளு ராபர்ட் ஹுட்டுக்கு. 90கள்ல விஜய் ஐயர் சாக்ஸபோன்காரர் ஸ்டீவ் கோல்மனோட வாசிச்சிருக்கார். 80கள்ல புரூக்ளின்ல எம்-பேஸ்னு சுத்தின கூட்டம் அது, காசாண்ட்ரா வில்சன், ஜெரி ஆலன் எல்லாம் அதுலதான். அப்புறம் மங்க், ஆண்ட்ரூ ஹில்னு ஜாஸ் பியானோக்காரங்க தாக்கம். 1998ல பெர்க்லில முடிச்ச டாக்டர் பட்டமும் ஆப்பிரிக்க, கறுப்பின அமெரிக்க இசையைப் பத்திதான். எல்லாத்தையும் நம்ம கணக்குல எழுதிக்கக் கூடாது.

பெரிய மாமா: சரிடா சரி 🙏 குழந்தை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க

காலை 9:31

அத்தை: முதல்ல கணக்கு. 100 டெம்போ, பீட்டுக்கு 5 எழுத்து, நிமிஷத்துக்கு 500. நாலு நாலா கட்டினா 500 ÷ 4 = 125. புது வேகம் அது. ஒரு பார்ல 4 பீட், 20 எழுத்து. தகதகிட (5 எழுத்து) நாலு தடவை = தகதிமி (4 எழுத்து) அஞ்சு தடவை. ஒவ்வொரு பார் முடியறப்பவும் ரெண்டும் சமத்துல (முதல் பீட்ல) சேரும்.

குட்டி: அதுவரைக்கும் சரியாத்தான் வருது அத்தை. டிரம்ஸ் 125ல நாலு பீட்டை ஒரு பார்னு எடுத்துக்கிட்டு ஒவ்வொரு பார் தொடக்கத்துலயும் கிராஷ் சிம்பல் அடிக்குது. அங்கதான் போச்சு.

அத்தை: ஆ, அப்போ கணக்கு பெரிசு. புது பார் = 16 எழுத்து. பழைய பார் = 20. ரெண்டும் சேர 80 எழுத்து ஆகணும். பழைய 4 பார், புது 5 பார். நடுவுல எங்கயும் சேராது. கிராஷ் விழற இடம் இது, எழுதி வச்சுக்கோ:

1வது பார், 1வது பீட், த
1வது பார், 4வது பீட், க
2வது பார், 3வது பீட், ரெண்டாவது த
3வது பார், 2வது பீட், கி
4வது பார், 1வது பீட், ட
அப்புறம் 5வது பார் சமம்.

பீட் ஒவ்வொண்ணா பின்னாடி இறங்குது, எழுத்து ஒவ்வொண்ணா முன்னாடி ஏறுது. படிக்கட்டு மாதிரி.

குட்டி: அய்யோ இது எவ்ளோ அழகா இருக்கு 😳

பாஸ் அண்ணன்: அழகுதான், ஆபத்தும் அதுலதான். 4வது பார் 'ட' வந்ததும் அதுதான் 1னு காது சொல்லும். அடுத்த எழுத்திலேயே நிஜமான 2வது பீட் விழுந்துடும். அங்க பாஸும் கிராஷ் பின்னாடி போயிட்டா ஆட்டம் குளோஸ். மூணாவது பார்லயே முட்டுதுன்னா காரணம் வேற.

குட்டி: என்ன?

பாஸ் அண்ணன்: 125க்குப் பதிலா 133ல வாசிக்கிறீங்க. கைக்குப் பழகினது சதுஸ்ர நடைல (பீட்டுக்கு 4 எழுத்து) மூணு மூணா கட்டறது. 100 × 4 ÷ 3 = 133. கேட்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒரு பார் முடியறப்போ மூணுல ஒரு பங்கு பீட் முன்னாடி போயிருப்பீங்க. மூணு பார்ல முழு பீட்டே எகிறிடும். ரெக்கார்ட் பண்ணி, பார் முடியற இடத்துல மட்டும் கேளு, தெரிஞ்சுடும்.

🎤 அத்தை ஆடியோ 0:41

அத்தை: ஆடியோ கேட்கறதுக்கு முன்னாடி வரிசை. 60ல ஆரம்பி (புது வேகம் 75). கைல பழைய பீட், வாயில தகதகிட. அஞ்சு நிமிஷம். அப்புறம் கை மாறாம, வாயில தகதிமி. சரியா வந்தப்புறம் மெட்ரோனோமை 30ல வை, ஒரு கிளிக்குக்கு ரெண்டு பீட். கருவியைத் தொடறது அதுக்கு அப்புறம்தான்.

பாஸ் அண்ணன்: டிரம்ஸுக்கு: ரைட் (ride) சிம்பல் புது வேகத்துல போகலாம், இடது கால் ஹை-ஹாட் (காலால மூடற ஜோடி சிம்பல்) பழைய 2லயும் 4லயும் நிக்கணும். கால் அந்த ரைட் சிம்பல் பின்னாடி இழுபடும், எல்லாருக்கும் இழுபடும். பாஸ் பழைய பீட்ல வாக்கிங் (பீட்டுக்கு ஒரு சுரம்). முதல் வாரம் வாக்கிங்கும் வேண்டாம், ஒரே சுரம், பாருக்கு ரெண்டு தட்டு.
அப்புறம், டிரியோவைக் கேக்கறப்போ டிரம்ஸைத் துரத்தாதே. 'பிரேக் ஸ்டஃப்'ல பாஸ் வாசிக்கிற ஸ்டீபன் கிரம்ப்பை மட்டும் பிடி. 2021 'அனீஸி', 2024 'கம்பேஷன்'ல லிண்டா மே ஹான் ஓவை.

பெரிய மாமா: மார்கஸ் கில்மோர் டிரம்ஸ்தானே நல்லாருக்கும்? பழைய ஜாஸ் டிரம்மர் ராய் ஹேன்ஸ் பேரன்!

பாஸ் அண்ணன்: யார் இல்லைன்னா மாமா 😄 எனக்கு அதுக்கு அப்புறம் வந்த டைஷான் சோரிதான். 2024ல இசைக்கான புலிட்சர் வாங்கின ஆளு, டிரியோல உக்காந்தா எவ்ளோ கம்மியா அடிக்கலாம்னு பாக்கறார்.

காலை 10:05

கிட்டார் சித்தப்பா: குறுக்க வரேன். ஜாஸ் கிட்டாரிஸ்ட் மேரி ஹால்வர்சன் வாசிக்கறதுல நோட்டு வழுக்கி விழற சத்தம் எதுல வருது? சுருதியை வளைக்கற வாமி பெடலா?

பாஸ் அண்ணன்: இல்ல சித்தப்பா, டிலே (எக்கோ). பச்சைப் பெட்டி லைன் 6 டிஎல்4, கூட ஒரு எக்ஸ்பிரஷன் பெடல். டிலே டைமை காலால நகர்த்தினா உள்ள பதிவானது வேகமாவோ மெதுவாவோ ஓடும், சுருதி வழுக்கும். ரிப்பீட்டை ஒண்ணோட நிறுத்துங்க, மிக்ஸ் பாதி. ரிப்பீட் கூடினா ஆம்புலன்ஸ் சைரன்தான். சில டிஜிட்டல் டிலேல டைம் மாத்தினா சுருதி நகராம சத்தம் மட்டும் தாவும், வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே திருகிப் பாத்துடுங்க.

கிட்டார் சித்தப்பா: 👍👍

குட்டி: அத்தை, டிரம்ஸ் ஆளுக்கு தகதகிட சொல்ல வரல. 'யூ-னி-வர்-சி-டி'ன்னு எண்ணுறான். பரவால்லயா?

அத்தை: வேண்டாம். 'யூ' நெடில், 'வர்'ல ஒற்று இருக்கு. ரெண்டு எழுத்தும் வீங்கி மத்த மூணும் நசுங்கும், அஞ்சு சமமா இருக்காது. த க த கி ட, அஞ்சுமே குறில். மூணு நாள் சொல்லச் சொல்லு, வந்துடும்.