'குட்'னு போட்டிருந்தா நல்லா இருக்குன்னு தானே அர்த்தம்?

மஞ்சள்மார்க்கர்:
மக்களே ஒரு சந்தேகம். போன வாரம் ஆன்லைன்ல ஒரு பழைய புக் வாங்கினேன், சின்னதா ஒரே ஒரு படம், கண்டிஷன் 'யூஸ்டு - குட்'னு போட்டிருந்துச்சு, சரி குட்னா குட்டு தானேன்னு ஆர்டர் போட்டேன். வந்ததை பிரிச்சா முதுகுல மடிப்பு விழுந்து வெளுத்து போயிருக்கு, நாலாவது சாப்டர் வரைக்கும் மார்க்கர்ல கோடு கோடா இழுத்து வெச்சிருக்கு (அதுக்கப்புறம் சுத்தம், படிக்கிறதையே விட்டுட்டார் போல). ரிட்டர்ன் கேட்டா "குட் கண்டிஷன்ல இதெல்லாம் அடங்கும்"னு பதில் வருது. இது ஏமாத்து வேலையா இல்ல எனக்குத் தான் விவரம் பத்தலையா? அடுத்து ஒரு பழைய ஐஃபோனும் ஒரு லென்ஸும் வாங்கலாம்னு இருக்கேன், இப்ப கை நடுங்குது.

அட்டைகிழிஞ்சவன்:
ஏமாத்து இல்லங்க, வார்த்தை தான் ஏமாத்துது. பழைய புக் வியாபாரத்துல ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர்னு ஒரு வரிசை இருக்கு, 1949ல ஏபிங்கிற பழைய புக் வியாபாரப் பத்திரிகை போட்ட விளக்கம் தான் இன்னிக்கும் அடிப்படை. அதுல குட்னா எல்லா பக்கமும் இருக்கிற, சாதாரணமா புழங்கி தேஞ்ச புக்கு, அவ்ளோ தான். ஆனா குறை இருந்தா அதை தனியா எழுதணும்னும் அதே விளக்கம் சொல்லுது, உங்க ஆளு தப்பு பண்ணது அங்க தான். அமேசான் மாதிரி இடங்கள்ல புக்குக்கு 'குட்'ங்கிறதுல கொஞ்சம் கோடு, குறிப்பு இருக்கலாம்னு அவங்க விதியிலயே வரும். நாலு சாப்டர் கொஞ்சமான்னு நீங்க சண்டை போடலாம், நான் போடுவேன்.

ஊசிமுனை:
இசைத்தட்டு பக்கம் வந்து பாருங்க, இதைவிட கொடுமை. கோல்ட்மைன் கிரேடிங்னு ஒண்ணு, டிஸ்காக்ஸ்ங்கிற இசைத்தட்டு வாங்கி விக்கிற சைட்ல விக்கிறவங்க எல்லாரும் அதைத் தான் போடணும். மின்ட் (அதாவது குறையே இல்லாதது), நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், அப்புறம் தான் குட்டே வரும். அங்க குட்னா ஊசி குதிக்காம கடைசி வரைக்கும் ஓடும், ஆனா பாட்டுக்குப் பின்னாடி கரகரன்னு கேட்டுட்டே இருக்கும். விலையே சொல்லிடும், நியர் மின்ட் 100னா வெரி குட் பிளஸ் 50, வெரி குட் 25, குட் வெறும் 10லேர்ந்து 15 தான். நல்ல விஷயம் என்னன்னா தட்டுக்கு ஒரு கிரேடு, உறைக்கு ஒரு கிரேடுன்னு பிரிச்சு போடுவாங்க. நான் எதை வாங்கினாலும் முதல்ல ஏணியில எத்தனை படி இருக்கு, இது எத்தனாவது படின்னு தான் பார்ப்பேன், வார்த்தையை படிக்கவே மாட்டேன்.

சால்டரிங்_கை:
ஃபோனுக்கு அந்த ஏணி உதவாது ப்ரோ. ரீஃபர்பிஷ்ட்ல, அதாவது பழசை சரிபண்ணி விக்கிறதுல, கிரேடு 'ஏ', 'பி', 'சி'ன்னு போடுறாங்க பாருங்க, அதுக்கு பொதுவான விதின்னு ஒண்ணும் கிடையாது, ஒவ்வொரு கடையும் தன் இஷ்டத்துக்கு வெச்சுக்கிறது. பெரும்பாலும் அது மேல் தோலுக்கு மட்டும் தான், கீறல் இருக்கா, ஓரம் நசுங்கியிருக்கான்னு. உள்ள பேட்டரி செத்துப்போய் கிடக்கும், கிரேடு 'ஏ'ன்னு மினுமினுப்பா நிக்கும். நீங்க ஐஃபோன் தானே, செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட் போய் மாடல் நம்பர் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்க. முதல் எழுத்து 'M'னா கடையில புதுசா வித்தது, 'F'னா ஆப்பிளே ரீஃபர்பிஷ் பண்ணது, 'N'னா ரிப்பேருக்கு பதிலா மாத்திக் கொடுத்தது. கூடவே பேட்டரி ஹெல்த் ஸ்க்ரீன்ஷாட்டும். ஐஓஎஸ் 15.2க்கு மேல இருந்தா அதே அபவுட் பக்கத்துல எந்த பார்ட் மாத்தியிருக்குன்னும் காட்டும், கொஞ்சம் புது மாடல்னா டிஸ்ப்ளே மாத்தினதும் தெரிஞ்சிடும். 'M'னு இருந்தா வெளியில யாரும் கழட்டலன்னு அர்த்தம் இல்ல, அதனால எல்லாத்தையும் சேர்த்து தான் பார்க்கணும்.

பூஞ்சைபிடிச்சலென்ஸ்:
லென்ஸுக்கு நான் சொல்றேன். 'எக்ஸலண்ட்'ங்கிற வார்த்தை செத்து ரொம்ப நாளாச்சு, இப்ப எக்ஸலண்ட்டுக்குப் பின்னாடி அஞ்சு பிளஸ் போடுறாங்க, அதுக்கு மேல 'டாப் மின்ட்'. தலைப்பை விட்டுடுங்க, கீழ விவரத்துல ஃபங்கஸ் (பூஞ்சை), ஹேஸ் (உள்ள புகை மூட்டம் மாதிரி மங்கல்), ஒளியை கூட்டிக் குறைக்கிற பிளேடுல எண்ணெய் இந்த மூணும் இல்லன்னு எழுதியிருக்கான்னு தேடுங்க. எழுதலன்னா பின்பக்கத்துலேர்ந்து டார்ச் அடிச்சு ஒரு போட்டோ கேளுங்க. ரெண்டு தூசி தெரிஞ்சா ஒண்ணும் ஆகாது, சிலந்தி வலை மாதிரி இருந்தா ஓடிடுங்க. அப்புறம் 'டெஸ்ட் பண்ணல'ன்னு போட்டிருந்தா, டெஸ்ட் பண்ணி பார்த்து வேலை செய்யலன்னு தெரிஞ்சதுக்கப்புறம் தான் போட்டிருக்கான்னு எடுத்துக்கோங்க, நான் ரெண்டு தடவை காசு கொடுத்து கத்துக்கிட்டது.

மஞ்சள்மார்க்கர்:
எல்லாருக்கும் நன்றிங்க. குறையை எழுதலன்னு சொல்லி புக்கை மறுபடி ரிட்டர்ன் கேட்டிருக்கேன், பார்ப்போம். ஃபோன்காரன் கிட்ட ஸ்க்ரீன்ஷாட் கேட்டேன், 'லைக் நியூ, ஒரே ஓனர்'னு போட்டிருந்தவன் அனுப்பினதுல மாடல் நம்பர் 'N'ல ஆரம்பிக்குது, பேட்டரி ஹெல்த் 79 சதவீதம். இதை என்னன்னு கேட்டா "ஓனர் ஒருத்தர் தான், ஃபோன் தான் ரெண்டாவது"ங்கிறான்.

சால்டரிங்_கை:
அவன் பொய் சொல்லல ப்ரோ 😂 ஆனா வேணாம், விட்டுடுங்க.