ஜீயஸ் தலைச்சனா, கடைக்குட்டியா?

கேள்வி (சாக்பீஸ்):
மகள் ஆறாம் வகுப்பு. கிரேக்கக் கடவுள்களின் வம்சாவளியை ஒரே படமாகப் போட்டுத் தரச் சொன்னாள். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்தேன். மேலே கேயாஸ், அதாவது ஆதி வெறுமை. அதிலிருந்து கோடு இறக்கி கையா, அதாவது பூமி. அவள் தனியாகவே பெற்ற மகன் ஊரனோஸ், வானம். அப்புறம் அந்த மகனோடு சேர்ந்தே அவள் பெற்ற 12 டைட்டன்கள், அதாவது மூத்த தலைமுறைக் கடவுள்கள். கடைசி டைட்டன் குரோனோஸ். அவனுக்கும் ரியாவுக்கும் ஆறு பிள்ளைகள். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு புத்தகத்தில் ஜீயஸ் கடைக்குட்டி. இன்னொன்றில் போசைடனுக்கே அவர் அண்ணன். அழித்து அழித்து தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. எது சரி?

திண்ணை:
முதலில், கேயாஸிலிருந்து கையாவுக்குப் போட்ட கோட்டை அழித்துவிடுங்கள் (ஓட்டை பெரிதானால் நான் பொறுப்பில்லை). பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்வது ‘முதலில் கேயாஸ், பிறகு கையா’ என்றுதான். பெற்றதாகச் சொல்லவில்லை. கேயாஸின் பிள்ளைகள் இருளும் இரவும்.

ஜீயஸ் விஷயத்தில் இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. கி.மு. 700 வாக்கில் ஹெசியட் பாடிய ‘தியோகனி’ என்ற கடவுள் வம்சாவளிக் காவியத்தில் ஹெஸ்டியா, டிமீட்டர், ஹெரா, ஹேடிஸ், போசைடன், ஜீயஸ் என்று வரிசை. ஹோமரின் இலியட்டில் ஜீயஸ்தான் மூத்தவர். சொத்துப் பிரிவினையும் அப்படித்தான். ஹோமரில் ஜீயஸ், போசைடன், ஹேடிஸ் என்ற மூன்று சகோதரர்களும் சீட்டுக் குலுக்கி முறையே வானம், கடல், பாதாளம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். பூமியும் ஒலிம்பஸும் பொதுச் சொத்து. ஹெசியட்டில் குலுக்கலே கிடையாது. மற்ற கடவுள்கள் கேட்டுக்கொண்டு ஜீயஸ் அரசராகிறார், அவரே எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வேதம் என்று கிரேக்கர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

ராத்திரிபஸ்:
இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குரோனோஸ் பிள்ளைகளைப் பிறக்கப் பிறக்க விழுங்கினான். ஆறாவதாக ஜீயஸுக்குப் பதில் துணியில் சுற்றிய கல்லை விழுங்கினான். கக்கும்போது, கடைசியாகப் போன கல் முதலில் வந்தது என்கிறார் ஹெசியட். அந்தக் கணக்கில் மற்றவர்கள் தலைகீழாக வெளியே வந்திருக்க வேண்டும். வயிற்றுக்குள் போகாத ஜீயஸ் எல்லோருக்கும் மூத்தவர் ஆகிவிடுவார். ஹெஸ்டியாவை முதலில் பிறந்தவள், கடைசியில் பிறந்தவள் என்று ஒரு பழைய துதிப்பாடல் இரண்டு விதமாகவும் சொல்கிறது. அந்தக் கல்லை கிரேக்கர்களின் புனிதத் தலமான டெல்பியில் வைத்திருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசனியாஸ், அதற்கு தினமும் எண்ணெய் ஊற்றுவதாக எழுதியிருக்கிறார்.

திண்ணை:
காதல் தெய்வம் அப்ரோடைட்டியை இன்னும் வரையவில்லை என்றால் பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள். ஹெசியட்டில் ஊரனோஸின் வெட்டுண்ட உறுப்பு கடலில் விழுந்து எழுந்த நுரையில் பிறந்தவள், ஜீயஸுக்கு அத்தை முறை. இலியட்டில் அவருக்கே மகள்.

சாக்பீஸ்:
நன்றி சார். புதுக் காலண்டர் தாள் எடுத்தாயிற்று. ஹெசியட்டுக்கு ஒன்று, ஹோமருக்கு ஒன்று. நுரைக் கதையை மட்டும் ‘கடலில் பிறந்தாள்’ என்று சுருக்கிவிட்டேன். கல்லுக்கும் ஒரு கட்டம் வேண்டுமாம், ஹெஸ்டியா பக்கத்திலா ஜீயஸ் பக்கத்திலா என்று கேட்கிறாள்.