பின்னால் ஒரு டிஃபெண்டர் நிற்கும்போதும் ஆஃப்சைடா?

பந்துபைத்தியம்:
கால்பந்தில் எதிரணியின் கடைசி டிஃபெண்டரை (தடுப்பாட்டக்காரரை)த் தாண்டிக் கோல் பக்கம் நின்றால் ஆஃப்சைடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், கத்தாருக்கு எதிராக ஈக்வடார், ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே ஈக்வடாரின் வலென்சியா போட்ட கோலை ரத்து செய்தார்களே, அதை மறுபடி பார்த்தேன். அவரது அணியின் எஸ்ட்ராடாவின் கால் ஆஃப்சைடாம். ஆனால் எஸ்ட்ராடாவைவிடக் கோலுக்குப் பக்கத்தில் ஒரு கத்தார் வீரர் நிற்கிறார். பிறகு எப்படி?

கோல்கம்பம்:
விதியில் 'கடைசி டிஃபெண்டர்' என்பதே கிடையாது நண்பா. எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆள் யாரோ அவரையும், பந்தையும் தாண்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வழக்கமாகக் கடைசி ஆள் கோல்கீப்பராக இருப்பதால் நமக்கு டிஃபெண்டர் மட்டும் கண்ணில் படுகிறார். அன்றைக்குக் கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னால் ஓடி வந்துவிட்டார், அதனால் எஸ்ட்ராடாவுக்குப் பின்னால் மிஞ்சியது ஒரே ஆள். இப்போது இரண்டு பேர் இருந்தால் போதும்; இதுவே 1925க்கு முன்னால் என்றால் மூன்று பேர் வேண்டும், கோல் அடிப்பதே பெரும்பாடு.

இடதுவிங்கர்:
கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பந்து பாஸ் ஆகும் நொடியில் எங்கே நின்றார் என்பதுதான் கணக்கு, பந்து வந்து சேரும்போது எங்கே இருந்தார் என்பது இல்லை. டிவியில் பார்க்கும்போது பாதிப் பேர் கத்துவது இதைக் கவனிக்காமல்தான். சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை, கையும் கணக்கில் வராது. சொந்தப் பாதியில் நின்றாலும், த்ரோ-இன், கார்னர், கோல் கிக்கிலிருந்து நேராகப் பந்து வந்தாலும் கவலையே வேண்டாம்.

பந்துபைத்தியம்:
சரி, அது புரிந்தது. ஆனால் சில சமயம் தாண்டி நிற்பவரைக் கண்டுகொள்ளாமலே ஆட்டத்தை விடுகிறார்களே?

கோல்கம்பம்:
நிற்பது குற்றமே இல்லை. அங்கே நின்றுகொண்டு பந்தைத் தொட்டாலோ, கீப்பரின் பார்வையை மறைத்தாலோ, எதிராளி பந்தை ஆட விடாமல் குறுக்கே வந்தாலோதான் ஃப்ரீகிக். லைன்ஸ்மேன் (கோட்டோரம் நிற்கும் துணை நடுவர்) கொடியைத் தூக்காமல் காத்திருப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான்.

மிட்ஃபீல்டு_மாமா:
உண்மையான தலைவலி வேறு. 2021 நேஷன்ஸ் லீக் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக பிரான்ஸின் எம்பாப்பே அடித்த கோல் ஞாபகம் இருக்கிறதா? பாஸ் வரும்போது தாண்டித்தான் நின்றார், நடுவில் ஸ்பெயின் டிஃபெண்டர் எரிக் கார்சியா காலை நீட்டிப் பந்தைத் தொட்டதால் கோல் செல்லும் என்றுவிட்டார்கள். டிஃபெண்டர் வேண்டுமென்றே பந்தை ஆடினால் ஆஃப்சைடு அதோடு போய்விடும் என்பது விதி. தடுக்கப் போனவனுக்கே தண்டனையா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. 2022ல் விதி வகுப்பவர்கள் இதற்கு விளக்கம் கொடுத்து, பந்து வருவதைத் தெளிவாகப் பார்த்தாரா, நிதானிக்க நேரம் இருந்ததா என்றெல்லாம் நடுவர் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இடதுவிங்கர்:
அதே சமயம் கீப்பர் தடுத்த பந்தோ, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தோ தாண்டி நின்றவரிடம் வந்தால் அந்தச் சலுகை கிடையாது மாமா. ஷாட் அடித்த நொடியில் தாண்டி நின்றிருந்தால் ஆஃப்சைடுதான்.